எந்த விடு?

ஒரு வருடம் முழுக்கப் புத்தளம் நகரத்தில் என்னைச் 'சேம் சைட்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்கூல் வாசலில், பஸ் ஸ்டாண்டில், பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூச் செய்யும் இடத்தில்கூட. ஒருமுறை சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் என் முகத்தை நன்றாகப் பார்த்து, "தம்பி, நீங்க அந்த சேம் சைட் தானே?" என்று கேட்டார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. மற்றப் பாதியையும் வெட்டிக்கொண்டுதான் வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சேம் சைட் என்றால் சொந்தக் கோலுக்குள் பந்தை அடிப்பது. யாருக்கும் நடக்கும். ஆனால் எனக்கு நடந்த விதம் யாருக்கும் நடந்திருக்காது.

யுத்தம் முடிந்து ஓரிரு வருடம் இருக்கும். பெயர்ப்பலகையில் கல்லூரி, எங்கள் வாயில் ஸ்கூல். அதன் பத்தொன்பது வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் நான் ஸ்டொப்பர். கோல் கீப்பருக்கு முன்னால் நின்று மறிக்கிறவன். அணி என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடமாக ஒரு மேட்சும் வென்றதில்லை. பதினான்கு பேர், ஒன்பது சோடி சப்பாத்து. கோலுக்குக் கட்டியிருந்தது கல்பிட்டியில் யாரோ கழித்த மீன் வலை. மைதானம் களப்பு என்கிற உப்பங்கழிப் பக்கம் இருந்ததால் காற்றோடு உப்புத் தூசி வந்து கண்ணில் அடிக்கும். கழுதைகள் வேறு. நாங்கள் ப்ராக்டிஸ் தொடங்கினாலும் அவை நடு மைதானத்தை விட்டு அசையாது.

அணியில் பாதிப்பேர் நகரத்துப் பிள்ளைகள். மீதிப்பேர் என்னைப்போல, தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். எங்கள் குடியிருப்பு கரைத்தீவுப் பக்கம். நான் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். எங்கள் ஊர் என்று வீட்டில் சொல்கிற மன்னாரை ஒருநாளும் கண்டதில்லை. இருந்தாலும் நகரத்தில் நான் அகதிப் பொடியன்தான். யுத்தம் முடிந்த பிறகு அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "எப்ப ஊருக்குப் போறீங்க?" அன்பாகக் கேட்டவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு நாலு பேர் அன்பாகக் கேட்டாலும் எரிச்சல் வரும். எனக்கு முதலாவது ஆள் கேட்கும்போதே வந்துவிடும்.

இனி அந்தக் கோல். முந்தின வருடம், சீசனின் முதல் மேட்ச், எங்கள் மைதானத்தில், சிலாபத்து ஸ்கூல் ஒன்றோடு. முடிய இரண்டு நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோலை நோக்கி ஒரு பந்து உயர்ந்து வந்தது. எனக்குப் பின்னாலிருந்து கீப்பர் கத்தினான்: "விடு!"

எங்கள் குடியிருப்பு மணலில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு 'விடு' என்றால் அடி. "விடுடா ஒண்டு!" என்றால் முழுப் பலத்தோடு உதை என்று அர்த்தம். நான் உதைத்தேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு 'விடு' என்றால் கைவிடு, பந்து என்னுடையது, நீ ஒதுங்கு. கீப்பர் அதைத்தான் சொல்லியிருக்கிறான், சொல்லிவிட்டுப் பந்தைப் பிடிக்க ஓடியும் வந்திருக்கிறான். என் சப்பாத்தின் ஓரத்தில் பட்ட பந்து அவன் தலைக்கு மேலால் போய், மீன் வலைக்குள் விழுந்தது.

"விடுன்னா விடுறதுதானேடா! ஏன்டா அடிச்ச?" என்று அவன் ஊர் கேட்கக் கத்தினான்.

"நீதானே விடு எண்டாய்!" என்று நானும் கத்தினேன். சுற்றி நின்ற அவ்வளவு பேரும் சிரித்தார்கள். அன்றோடு எனக்கும் அவனுக்கும் கதை நின்றது. ஒரே வகுப்பு, ஒரே அணி, ஒரு வருடம் ஒரு வார்த்தை இல்லை. மேட்சில்கூட அவன் வாயைத் திறக்கமாட்டான், நானும் திரும்பிப் பார்க்கமாட்டேன். அந்த வருடம் மீதி மேட்சுகளை எப்படித் தோற்றோம் என்று கேட்கவே வேண்டாம்.

அடுத்த வருடத்துப் போட்டி அட்டவணை வந்தது. முதல் மேட்ச் அதே சிலாபத்து ஸ்கூல், இந்தமுறை அவர்களுடைய மைதானத்தில், சனிக்கிழமை. இரண்டு கிழமை, பதினான்கு நாள் இருந்தது. அட்டவணையைப் பார்த்த உடனே எனக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த மேட்சில் கோல் விழாமல் மறித்துவிட்டால் போதும், அந்தப் பெயர் என்னைவிட்டுப் போய்விடும். வேறொன்றும் வேண்டாம். வகுப்பில் இருந்தால் மேசைக்குக் கீழே கால் தானாக உதைக்கும். முன் வரிசைக் கதிரையில் இருந்தவன் இரண்டு தரம் எழும்பி என்னை ஏசினான்.

அந்த வருடம் கீப்பர்தான் கெப்டன். எங்கள் பி.டி. சேர் சிலாபத்துக்காரர், சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் வினைச்சொற்கள் ஒன்றும் அவருக்குக் கட்டுப்படாது. மோட்டார் சைக்கிளை மைதான ஓரத்தில் நிறுத்தி அதன் மேலேயே இருந்துகொண்டு விசில் ஊதுவது அவருடைய பயிற்சி முறை. அன்றைக்கு மட்டும் இறங்கி வந்தார். "அடோ, நீங்க ரெண்டு பேரும் பேசாம இந்த டீம் ஜெயிக்க ஏலாது. இருபது பந்து போடும். கீப்பர் கத்தும். இவன் விடும்," என்றார்.

பந்தை உயரத் தூக்கிப் போட்டார். "விடு!" என்றான் கீப்பர். என் கால் உதைத்தது. இன்னொன்று. "விடு!" மறுபடியும் உதைத்தது. மூளைக்கு விளங்குகிறது, காலுக்கு விளங்கவில்லை. ஆறாவது பந்தில் கீப்பரின் வயிற்றிலேயே அடித்துவிட்டேன். சத்தியமாக வேண்டுமென்று அடிக்கவில்லை.

"வேற சொல்லுச் சொல்லச் சொல்லுங்க சேர்," என்றேன். அவனோடு நேரே கதைக்க எனக்கு மனம் வரவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனும் சேரைப் பார்த்தே சொன்னான்: "நான் என்னத்துக்கு மாத்தணும்? இந்த கிரவுண்டுல எப்பவுமே விடுன்னா விடுறதுதான். வந்தவங்கதான் பழகிக்கணும்."

"ஆர்டா வந்தவன்? நான் இங்கதான்டா பிறந்தனான்!" ஒரு வருடத்துக்குப் பிறகு நான் அவனுக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அதுதான். நெஞ்சுக்கு நெஞ்சு நின்றோம். சேர் விசிலை ஊதினார், ஊதினார், கழுதைகள்கூட ஒதுங்கிப் போகுமளவுக்கு ஊதினார்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஷைதானே. விளங்காம இருக்க வேண்டியது எனக்குத்தானே," என்றார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இனி விடு வேணாம். கீப்பர் 'மகே' சொல்லும். 'மகே' என்டா சிங்களத்தில என்னோடது. மகே கேட்டா எல்லாரும் ஒதுங்கும். ஹரித, சரியா?"

யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்தது. அந்தச் சொல்லுக்கு என் கால் பழகியிருக்கவில்லை, அதனால் மறக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. "மகே!" என்றால் நான் ஒதுங்கினேன், அவன் பிடித்தான். நாலாவது நாள் அளவில் அணி முழுக்க, மகே கேட்டால் தீப்பிடித்த மாதிரி விலகப் பழகிவிட்டது. பாண் கடையில் யாராவது 'மகே' என்று சொன்னாலும் எங்களில் ஒருவன் பின்னால் போய்விடுவான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் ஓர் அணி மாதிரித் தெரிந்தோம். எனக்குள்ளே ஒரு திமிர்கூட வந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் வாப்பாவிடமிருந்து போன் வந்தது. வாப்பா சில மாதமாக மன்னாரில் முசலிப் பக்கம் எங்கள் பழைய காணியில் காடு வெட்டிக்கொண்டிருந்தார். "கொட்டில் போட்டாச்சு. லொறி வெள்ளிக்கிழமை கிடைக்கும். நான் புதன்கிழமை வந்து ஸ்கூலில உன்ட விடுகைப் பத்திரத்தை எடுக்கிறன். எல்லாரும் ஒண்டாப் போறம், இன்ஷா அல்லாஹ்," என்றார்.

எங்கள் நாட்டில் ஒரு ஸ்கூலை விட்டு விலகும்போது அந்த ஸ்கூலின் அதிபர் கையெழுத்து வைத்துத் தருகிற கடதாசிக்கு விடுகைப் பத்திரம் என்று பெயர். அதைக் கொடுத்தால் பெயர்ப் பதிவு இடாப்பிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். இடாப்பில் பெயர் இல்லாதவன் ஸ்கூலுக்காக விளையாட முடியாது. மேட்ச் சனிக்கிழமை. நான் எல்லாவற்றையும் ஒரு விநாடியில் கணக்குப் பார்த்தேன், வாய் அதற்கு முன்னமே பேசிவிட்டது.

"அதிபர் கொழும்புக்கு மீட்டிங் போறாராம் வாப்பா. திங்கக்கிழமைதான் வருவாராம். அவர் சைன் வைக்காம தரமாட்டாங்க."

"அப்பிடியோ," என்றார் வாப்பா. ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னை நம்பினார். அதுதான் பெரிய கரைச்சலாகப் போய்விட்டது. ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மனம் ஆறியிருப்பேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் ஒரு ஹோல்ட் முன்னமே இறங்கி வீடுவரை ஓடுவேன். ப்ராக்டிஸுக்கு என்று உம்மாவிடம் சொன்னேன்.

புதன்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து மைதானத்துக்கு வந்தோம். சேர் பந்து போட, கீப்பர் "மகே!" என்று கத்த, நான் ஒதுங்கிக்கொண்டு திரும்பினால், மைதான ஓரத்தில் கழுதைகளுக்குப் பக்கத்தில் வாப்பா நிற்கிறார். கையில் ஷொப்பிங் பேக். காடு வெட்டிக் கறுத்துப் போயிருந்தார்.

"அதிபர் கொழும்பால எப்ப வந்தவர்?" என்று கேட்டார். சத்தம் போடவே இல்லை. லொறியை மாற்ற முடியாதென்பதால், அதிபர் இல்லாவிட்டாலும் கந்தோரில் கிளார்க் யாரையாவது பிடித்துக் கேட்டுப் பார்ப்போமென்று நேரே ஸ்கூலுக்குப் போயிருக்கிறார். அதிபரே எழும்பி வந்து கதிரை இழுத்துப் போட்டிருக்கிறார். "எல்லாம் எழுதியாச்சு. நீ ஸ்கூல் ஜெர்சியைத் திருப்பித் தந்ததெண்டு உங்கட கெப்டன் ஒரு சொல்லுச் சொன்னா கையில தருவினமாம். ஆர் கெப்டன்?"

நான் தரையைப் பார்த்தேன். கீப்பர் கையுறைகளைக் கழற்றியபடி வந்தான். நான் போகப்போகிற விஷயத்தை அணியில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான். இனி என்னை நாறடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் இடத்தில் நானென்றால் செய்திருப்பேன்.

"ஜெர்சி இன்னும் தரல்ல அங்கிள்," என்றான். "வெளுக்கப் போட்டிரிக்கி. சனிக்கிழம முடிஞ்சாத்தான் கெடைக்கும்."

வாப்பா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "அப்ப இவன் போட்டிருக்கிறது என்ன?"

பச்சை ஜெர்சி. முதுகில் ஐந்து. சேறும் உப்புமாக என் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது... வேற ஜெர்சி அங்கிள்," என்றான். பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். வாப்பாவின் வாயும் கொஞ்சம் கோணியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"நாங்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கும் உங்கட வயசுதான்," என்றார். "மேட்ச் இருக்கோ எண்டு என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல." பேக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "சனிக்கிழமை விளையாடு. திங்கக்கிழமை பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர். நாங்க முன்னுக்குப் போறம். இனி எனக்குப் பொய் சொல்லாதே."

"இவன் எங்கட வீட்ட நிக்கட்டும் அங்கிள்," என்றான் கீப்பர். என்னைக் கேட்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து லொறியில் சாமான் ஏற்றினோம். அலுமாரி, தண்ணீர்ப் பீப்பா, கட்டில், கடைசியாகக் கூரைத் தகரம். தகரத்தைக் கழற்றியதும் நான் வளர்ந்த வீட்டுக்குள் வெயில் நேரே இறங்கியது. இவ்வளவு சின்ன வீடா என்று இருந்தது. உம்மா முன் சீற்றில் ஏறின பிறகு மறுபடி இறங்கி வந்து என் கையில் ஒரு பையைத் திணித்தார். "விளையாட்டுக் காற்சட்டையத் தோச்சனான், காயேல்ல மகன். ஈரத்தோடயே கொண்டுபோ," என்றார். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். லொறி போன பிறகு அந்த ஈரக் காற்சட்டையோடு நகரத்து பஸ்ஸில் ஏறினேன்.

கீப்பர் வீட்டில் இடியப்பமும் மீன் ஆணமும் தந்தார்கள். அவனுடைய உம்மா என் பிளேட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே காற்சட்டையைக் காயப்போட அவன் ஒரு கதிரையை இழுத்துத் தந்தான், நான் காயப்போட்டேன், அவ்வளவுதான். நன்றி என்ற சொல் வாய்வரை வந்தது. ஒரு வருடம் பேசாத ஆளுக்கு எடுத்த எடுப்பில் நன்றி சொல்வதும் ஒரு மாதிரியாக இருந்தது.

சனிக்கிழமை சேர் பிடித்துத் தந்த லொறியில் சிலாபத்துக்குப் போனோம். தேங்காய் மட்டை ஏற்றுகிற லொறி. போய்ச் சேருமுன் எல்லாருக்கும் தும்பு குத்தி உடம்பு சொறிய ஆரம்பித்துவிட்டது. சொறிந்துகொண்டே மைதானத்தில் இறங்கினோம். சுற்றிவரத் தென்னை, கடற்காற்று, மீன் சந்தையின் மணம், நல்ல பச்சைப் புல். கழுதை ஒன்றுகூட இல்லை.

முதல் இருபது நிமிடம் நாங்கள் விளையாடியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிரும். ஒன்றையும் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு பந்து எங்கள் கோலுக்கு முன்னால் உயர்ந்து வந்தது. "மகே!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஒதுங்கினேன். என் இடப்பக்கம் நின்றவன் ஒதுங்கினான். வலப்பக்கம் நின்றவனும் ஒதுங்கினான். வாசல் திறந்து வழிவிட்ட மாதிரி எல்லாரும் விலகி நிற்க, அவர்களுடைய ஆள் நடுவால் ஓடி வந்து, நிதானமாகத் தலையால் தட்டி உள்ளே போட்டான்.

கத்தியது அவன்தான். சிங்களப் பொடியன், பந்து தனக்கு வேண்டுமென்றால் வேறு என்னவென்று கத்துவான்? இரண்டு கிழமை, பதினான்கு பேர், ஒரு சேர். நாங்கள் விளையாடப்போவது சிங்கள ஸ்கூலோடு என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை! சேர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு மைதான ஓரத்தில் குந்திவிட்டார்.

அரை நேரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கீப்பர் தண்ணீர்ப் போத்தலை நிலத்தில் அடித்தான். "மகேயும் வேணாம் ஒண்டும் வேணாம். நான் தமிழ்லயே கத்துறன். விடுன்டுதான் கத்துவன்," என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எனக்கு விளங்கியது என்று நினைத்தேன். அவனுக்கும் விளங்கியது என்று அவன் நினைத்தான்.

எனக்காக வாப்பாவிடம் பொய் சொன்னவன். வீட்டில் படுக்க இடம் தந்தவன். இனி அவன் 'விடு' என்றால் அவனுடைய அர்த்தம்தான், என் கால் உதைக்கக்கூடாது என்று உறுதியெடுத்துக்கொண்டேன். காலைத் தட்டித் தட்டிச் சொன்னேன், "விடுறது, அடிக்கிறதில்ல. விடுறது, அடிக்கிறதில்ல." பக்கத்தில் நின்றவன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தான்.

இரண்டாவது பாதியில் எங்கள் குள்ளன் ஒருவனின் முதுகில் பந்து பட்டு அவர்களுடைய கோலுக்குள் போனது. முதுகால் போட்டாலும் கோல் கோல்தான். ஒன்றுக்கு ஒன்று. இனி விழாமல் காத்தால் போதும். ரெஃபரி கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போது அந்தப் பந்து வந்தது. முந்தின வருடத்துப் பந்தேதான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதே உயரம், அதே வேகம். எனக்கு நேரே. பின்னாலிருந்து கீப்பர் அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"விடு!"

விட்டேன். யா அல்லாஹ், அப்படி விட்டேன்! காலை நிலத்தில் ஊன்றி, கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, பந்து என் தோளைத் தாண்டிப் போக வழிவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றையும் நான் செய்யாமல் விட்டதில்லை. முகத்தில் சிரிப்போடு திரும்பிப் பார்த்தேன்.

கீப்பர் கோல் கோட்டிலேயே நின்றான். நான் உதைக்கப்போகிறேன் என்று என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து எழும்பியது. அவன் பாய்ந்தபோது கையுறையின் நுனியில் பட்டு, உருண்டு உள்ளே போனது.

விசில் ஊதிவிட்டார்கள். சிலாபத்துக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் போய் அவன் முன்னால் நின்றேன்.

"ஏன்டா அடிக்கல்ல?" என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ விடு எண்டாய். விட்டன்."

"நான் சொன்னது ஒன்ட விடுடா!"

"நான் கேட்டது உன்ட விடு."

அவன் அப்படியே புல்லில் குந்திவிட்டான். அழுகிறான் என்று குனிந்து பார்த்தால் சிரிக்கிறான். எனக்கும் வந்துவிட்டது. தோற்றவர்கள் இரண்டு பேர் கோலுக்குள் கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து வென்றவர்கள் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சேர் ஓடி வந்து, "மொனவத அடோ, என்ன நடந்தது?" என்று கேட்டார். சொல்லித் தர எவ்வளவோ முயன்றோம். கடைசிவரை அவருக்கு விளங்கவேயில்லை. சிரித்து முடிய எனக்கு அழுகை வந்தது. ஒரு மேட்ச். ஒரேயொரு மேட்ச் கேட்டேன், அதையும் இப்படி விட்டுவிட்டேனே என்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கந்தோருக்குப் போனோம். வாசலில் யாரோ, "டேய் சேம் சைட்!" என்று கூப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீப்பர் நகரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், "அந்தக் கோல் என்னாலதான், நான்தான் புடிக்கல்ல," என்று சொல்லித் திரிந்திருக்கிறான். எனக்கு அது அப்போதுதான் தெரியவந்தது.

கிளார்க் சேர் பத்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "ஜெர்சி தந்தாச்சா?" என்று கெப்டனைக் கேட்டார்.

"தந்துட்டான் சேர்," என்றான் அவன். ஐந்தாம் நம்பர் ஜெர்சி அப்போது என் பைக்குள் இருந்தது. காலையில் அவன்தான் மடித்து வைத்தான்.

அநுராதபுரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தேன். அங்கே இறங்கி மன்னாருக்கு வேறு பஸ் பிடிக்கவேண்டும். அவன் கீழே நின்று பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். மேலே கொட்டை எழுத்தில் இருந்ததை விரலால் தொட்டு, "விடுகைப் பத்திரம்," என்று வாசித்தான். "இது எந்த விடுடா? ஒன்டயா, என்டயா?"

பத்திரத்தைத் திருப்பித் தந்தவன், ஜன்னலுக்குள் நீட்டிய கையை எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். ட்ரைவர் ஹோர்ன் அடித்தார். பஸ் மெல்ல அசைந்தது. அவனும் கூடவே நடந்தான், பிறகு ஓடத் தொடங்கினான்.

"விடுடா," என்றேன்.

இந்தமுறை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் விளங்கியது. அவன் விடவில்லை. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு சிங்களத்தில் ஏசினார்.